மூன்றாவது தடவை கூப்பிடாதவர்

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் நான் எந்தப் பேச்சையும் தொடங்குவேன். கடிதத்தில் கேட்டால் பதில் வர நாளாகும் என்பதால், சாப்பிட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நடுவில் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், நீயும் "சரிம்மா, விடுங்கம்மா" என்று வைத்துவிடுவாய். இந்த விஷயம் எழுபது வருஷமாகப் பாதியிலேயே நிற்கிறது. இந்தத் தடவையாவது கடைசி வரை போகட்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

தீபாவளிக்கு மறுநாள் நீ அந்தப் படத்தைக் கொண்டுவந்தாய். முறுக்கு டின்னை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கணினியை மேசையில் வைத்து, "முதல்ல நீங்கதாம்மா பாக்கணும், உங்க கதைதானே" என்றாய். இருபது நிமிஷப் படம். கடைசிக் காட்சி ஓடும்போதே நான் எழுந்து அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து என்னம்மா என்று கேட்டாய். "இந்தப் பேய்ப் படத்துக்குத்தான் பேங்க் வேலையை விட்டியா?" என்றேன். கவிதாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே கோலாலம்பூருக்குக் காரை எடுத்துவிட்டாய். நான் கட்டி வைத்த பலகாரம் கட்டினபடியே கிடந்தது. போன வாரம் கவிதா போன் பண்ணிச் சொல்கிறாள், பண்டார் ஹிலிர் தியேட்டரில் படத்தைப் போடக் கேட்டவர்களிடம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். "பெத்த அம்மாவே எழுந்து போன படத்த வேற யாரு பாப்பாங்கன்னு கேக்குறாரு, அத்தை" என்றாள். மூன்று வருஷம் சனி ஞாயிறெல்லாம் போட்டு, கடைசியில் வேலையையும் விட்டு நீ எடுத்தது. என் வாயால் அது பெட்டிக்குள் போகக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

படம் நன்றாக இல்லை என்று நான் எழுந்து போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். நம் காஜா பேராங் வீட்டிலேயே எடுக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது, உன் கூட்டாளிகள் வந்து சுவரெல்லாம் சிவப்புச் சாயத்தைப் பூசுவார்கள், வெள்ளைப் புடவை கட்டின ஒருத்தி கூந்தலை விரித்துப்போட்டு வருவாள் என்றுதான் நினைத்தேன். நீ வேறு மாதிரி சொன்னாய். "பேயைக் காட்டிட்டா பயம் போயிடும்மா. சத்தம் போதும். கதவுக்குக் கீழ ரெண்டு காலோட நிழல் போதும்." எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. படம் எடுத்த நாட்களில் தூசி ஆகாது என்று என்னை உன் அக்கா வீட்டுக்கு, புக்கிட் ரம்பாய்க்கு அனுப்பிவிட்டாய். அதனால் அந்தக் குரலை நான் கணினியில்தான் முதலில் கேட்டேன். டிவியில் போடுகிற படத்துப் பேய்கள் உறுமும், சிரிக்கும். உன் படத்தில் கூப்பிடுகிறவன் களைத்துப்போயிருக்கிறான். எட்டத்தில் இருந்து நடந்து வந்தவன், பேசுகிறதற்கே மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசுகிற குரல். அந்தக் குரல் "பாப்பா" என்று கூப்பிட்டதும் என் கை தானாகவே என் வாயைப் பொத்திக்கொண்டது. குரல் களைப்பாக இருந்தது என்று நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கதையைக் குடைந்து குடைந்து யோசித்தே அந்த இடத்துக்கு நீ வந்து சேர்ந்திருக்கிறாய், எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் உனக்குச் சொன்ன கதை உனக்கு மனப்பாடம். விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்காதே, மூன்றாவது தடவை கூப்பிடும் வரை வாயைத் திறக்காதே, பேய்க்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராது. ஜப்பான்காரன் காலத்தில் நம் வீட்டுப் பின்கதவுக்கு ஒரு பேய் வந்தது, பாப்பா பாப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டது, என் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டாள், அது போய்விட்டது. இதைச் சொன்னால்தான் நீ பந்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வருவாய். சொல்லிச் சொல்லி எனக்கே பழக்கமாகிவிட்டது. பகலில்கூட நீ மூன்று தடவை கூப்பிட்டால்தான் எனக்கு ஏன் என்று கேட்க வரும். உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கம்மாவக் கூப்பிடணும்னா மூணு டிக்கெட் எடுக்கணும்" என்று நீ சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ரம்புத்தான் மரம் ஞாபகத்துக்கு வந்தது. மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்து கிடந்தாய் நீ. நான் துணி துவைக்கிற கல்லண்டை நின்றுகொண்டிருந்தேன். முதல் தடவை கூப்பிட்டதும் காதில் விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. கையில் சோப்பு நுரையோடு மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளை அழுகிற குரல் தெரிந்தும் நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே எனக்குப் பிடிக்காது.

சினிமா விஷயத்திலும் நான் உன்னை வதைத்தேன். டியூஷன் என்று சொல்லிவிட்டு நீ பண்டார் ஹிலிர் தியேட்டருக்குப் போன அன்றைக்கு ரொத்தானை எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா. அடி வாங்கிக்கொண்டே, "படம் பாத்தா என்னம்மா தப்பு?" என்று கேட்டாய். படம் பார்க்கிறவன் உருப்பட மாட்டான் என்றேன். நானே நம்பாத பதில் அது. அது வரை வெகுகாலமாக நம் வீட்டில் யாரும் கொட்டகைக்குப் போனதில்லை. என் அம்மா சாகும் வரை போகவில்லை, நான் இன்றைக்கு வரை போகவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

என் அப்பா ரோடு போடுகிற கூலி. ஜப்பான்காரன் வந்த பிறகு எல்லாருக்கும் மரவள்ளிக்கிழங்குதான் சோறு, சாக்குதான் துணி. அந்தக் காலத்தில் ஒரு நாள் டவுனில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள், தமிழ் ஆட்கள் எல்லாம் வரலாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியிலிருந்து பச்சைக் கரை போட்ட வேட்டியை எடுத்துப் பார்த்தார், அழுக்காகிவிடும் என்று திரும்ப வைத்துவிட்டார். நானும் வருவேன் என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு ஏழு வயசு இருக்கும். "சின்னப் பிள்ளைங்கள விடமாட்டாங்க பாப்பா. நான் பாத்துட்டு வந்து உனக்குக் கதை சொல்றேன், ஒண்ணு விடாம சொல்றேன்" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். உள்ளே ஆட்கள் நிறைந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டார்களாம். படம் ஓடினதா இல்லையா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பின்பக்கம் லோரி நின்றதாம், அதில் ஏற்றி ரயிலுக்குக் கொண்டுபோய், சயாமில் தண்டவாளம் போடுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மாற்றுத் துணிகூட இல்லாமல் போனார்.

வருஷம் ஓடிவிட்டது. அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் புக்கிட் ரம்பாயில் ஒளிந்திருந்தார். அம்மா போய் விசாரித்தாள். காலராக் கொட்டகையில் அப்பா கிடந்ததைப் பார்த்தாராம், அங்கே போனவர்கள் யாரும் எழுந்து வந்ததில்லை என்றாராம். அம்மா அதற்குப் பிறகும் பொட்டை அழிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, அந்த ஆத்மாவுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் அலையும், பசியோடு வீட்டைத் தேடி வரும், பெற்ற பிள்ளையைத் துணைக்குக் கூப்பிடும் என்று சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைதான் அம்மாவை அசைத்தது. உடம்பு இல்லாததால் புல்லில் உருவம் செய்து கொளுத்த வேண்டும். தர்ப்பைக்கு எங்கே போவது, லாலாங் புல்லை அறுத்து வந்து கட்டினார்கள். அதன் மேல் அந்தப் பச்சைக் கரை வேட்டியைப் போர்த்தச் சொன்னார் பெரியவர். அம்மா ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் இருந்த ஒரே நல்ல துணி அது. கருமாதி முடிந்து, தாலியை வாங்கின பிறகு, அந்த மிச்சத்தில் எனக்கு ஒரு பாவாடை தைத்தாள்.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்துத்தான், நல்ல மழையில், விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தக் குரல் வந்தது. நாங்கள் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தோம். "பாப்பா." எனக்கு உடனே தெரிந்துவிட்டது, தம்பி. அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அம்மா பாய்ந்து வந்து பொத்தினாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஏன்னு கேட்டுடாத, உன்னக் கொண்டுபோக வந்திருக்கு" என்று காதோரம் சொன்னாள். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். மறுபடி ஒரு தடவை, முதல் தடவையை விடச் சின்னதாக, பாப்பா என்றது. இரண்டு பேரும் மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம். அம்மாவும் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மூன்றாவதும் கேட்டிருந்தால் அவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்திருப்பாள். அது வரவேயில்லை. அம்மா தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் என்னை உட்காரவைத்துத் திருநீறு பூசினாள்.

நான் உனக்குச் சொன்ன கதை இந்த இடத்தில் முடிகிறது. உன் படமும் இங்கேதான் முடிகிறது. விடிகிறது, கதவைத் திறக்கிறார்கள், படியில் ஈரக் கால்தடம் மட்டும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் நல்ல வேளை என்று மூச்சு விடுவார்கள். அந்த மூச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் விடிந்தபோது படியில் கால்தடம் மட்டும் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு சிட்டி அம்மா இருந்தாள், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து மலாய்க்காரர் மாதிரியே ஆகிவிட்ட தமிழ்க் குடும்பம். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழில் சாமி பேரைத் தவிர ஒன்றும் வராது. நாங்கள் பீபிக் என்று கூப்பிடுவோம். காலையில் கிணற்றடிக்கு வந்தவள் எங்கள் பின்கதவைப் படபடவென்று தட்டினாள். "லாக்கி லூ சுடா பாலேக்" என்றாள். உன் புருஷன் திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தம். அவளுக்கு நம் பேய்க் கணக்கெல்லாம் தெரியாது, படியில் கிடந்த ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அப்பா படியில் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பில் சாக்கு, காலெல்லாம் புண். உயிர் இருந்தது. கதவு திறந்ததும் கண்ணைத் திறந்தார். அம்மா சட்டென்று பொட்டில்லாத நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டாள். பீபிக் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து ஊட்டினாள், இறங்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பாவாடையின் பச்சைக் கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அது என்ன துணி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, ஏன் என் மேல் இருக்கிறது என்றும் தெரிந்திருக்கும். அதைப் பிடித்தபடியே உச்சிப் பொழுதுக்கு முன்னால் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பெரியவரை அழைத்து வந்தார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு தடவை கருமாதி செய்ய முறையில்லை என்றார். வேலையிலிருந்து ஓடி வந்தவர் என்று ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் வீட்டோடு பிடித்துப் போவான் என்ற பயமும் இருந்தது. யாரோ ஒரு பிச்சைக்காரர் என்று சொல்லி, ஒரு பூக்கூட இல்லாமல் புதைத்துவிட்டு வந்தார்கள். என் அப்பாவுக்கு என்று செய்தது எல்லாம் அந்த லாலாங் புல்லுக்குத்தான் போனது. முந்தின நாள் சாயங்காலம் ஏதோ குரல் கேட்டதே என்று தெருவில் கேட்டவர்களுக்கு அம்மா பேய் என்று சொன்னாள். முதலில் ஜப்பான்காரனுக்குப் பயந்து சொன்னாள். அவன் போன பிறகும் அதையே சொன்னாள். பேய் என்று சொன்னால் கதவைத் திறக்காதது கெட்டிக்காரத்தனம் ஆகிவிடும். மனுஷன் என்று சொன்னால் அவள் எப்படி உயிரோடு இருப்பாள்? எனக்கும் அது வசதியாக இருந்தது. வளர்ந்து, எல்லாம் தெரிந்த பிறகும், அப்பாவைப் பேயாக்கி உன்னை மிரட்டி வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டேன். என் வருத்தம் அதுதான். எட்டு ஒன்பது வயசில் வாயைத் திறக்கவில்லை என்பதற்காக நான் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நாற்பது வயசில், உனக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது, வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் தாத்தா என்று ஒருவரை நீ ஒரு நாளும் நினைத்துப் பார்க்காமலே வளர்ந்துவிட்டாய்.

படத்துக்காக நீ கடையில் தாழ்ப்பாள் வாங்கி வந்து பின்கதவுக்கு அடித்தாய். இந்தக் கதவுக்கு ஏனம்மா தாழ்ப்பாளே இல்லை என்று கேட்டாய், உளுத்து விழுந்துவிட்டது என்றேன். பொய். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று அம்மாவே அதைப் பெயர்த்து எடுத்தாள். சாகும் வரை அந்தக் கதவைச் சும்மா சாத்தித்தான் வைப்பாள், அந்த அடுப்படியில்தான் படுப்பாள். திருடன் வந்தால் என்ன செய்வது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். வரட்டும் என்பாள். நீ அடித்ததை நேற்றுக் கழற்றி உன் மேசையில் வைத்திருக்கிறேன். நல்ல தாழ்ப்பாள்தான், வேறு எதற்காவது ஆகும்.

இப்போது கேட்கிறேன். அந்தப் படத்தைத் தூக்கிப் போடாதே. உன் வேலையில் மூக்கை நுழைக்கிறேன் என்று நினைக்காதே, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். நீ கேமராவை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாய். அம்மாவும் பிள்ளையும் ஒண்டிக்கொண்டு கதவையே பார்க்கிறார்கள், பார்க்கிறவர்களும் அவர்களோடு கதவையே பார்க்கிறார்கள். ஒரே ஒரு தடவை அதைப் படிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோ. மழையில் நனைந்துகொண்டு, கதவுக்குக் கீழே தெரிகிற விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, கிழங்கு வேகிற வாசனையை முகர்ந்துகொண்டு, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் யாரும் ஏன் என்று கேட்காத இடத்தில் கொண்டுபோய் வை. பேயைக் காட்ட வேண்டாம் என்றாய், சரிதான், அங்கே காட்டுகிறதற்குப் பேயே கிடையாது. நான் சொல்வது படத்துக்குப் பொருந்தாது என்று உனக்குப் பட்டால் விட்டுவிடு. அது உன் படம். ஆனால் என் பேச்சால் அதைப் பூட்டி வைக்காதே, ஐயா. உன் பிள்ளைக்கும் இனிமேல் அந்தக் கதையைப் பேய்க் கதையாகச் சொல்லாதே. அவன் கூப்பிட்டால் முதல் தடவையே ஏன் என்று கேள், கையில் என்ன வேலை இருந்தாலும் கேள். நீ எனக்குப் போன் பண்ணும்போது மூன்றாவது மணி அடித்த பிறகு எடுக்கிற பழக்கத்தை நானும் விட்டுவிட்டேன். ஆனால் நீதான் பண்ணுவதே இல்லை.

பண்டார் ஹிலிரில் அந்தப் படத்தைப் போடு. நானும் வருகிறேன். படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்கிறேன் என்று போனவர் சொல்லவே இல்லை, நானாவது பார்த்துவிட்டு வந்து வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து அவருக்குச் சொல்கிறேன், ஒன்று விடாமல் சொல்கிறேன். ஒரே ஒரு உதவி செய். ஆட்கள் நிறைந்ததும் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துவார்கள் இல்லையா, அந்த நேரம் மட்டும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்துகொள். படம் எடுத்தவர் முன்னால் நிற்க வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், அம்மாவுக்குப் பயம் என்று சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எந்த நாள் என்று சொல்லிப் போன் பண்ணு. புடவையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை கூப்பிட்டால் போதும், தம்பி, வந்துவிடுவேன்.

அம்மா